கோடு போட்டு அடித்த நாலாவது சோதனை

ஆய்வகத்தில் அவளுக்கு ஸ்கேல் அக்கா என்று பெயர். யார் வைத்த பெயர் என்பது யாருக்கும் நினைவில்லை, ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ வருடம் ஆகியும், எடுத்த அளவுகளைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து, ஸ்டீல் ஸ்கேலால் கோடு இழுத்துப் பார்த்தால்தான் அவள் நம்புவாள். நோட்டில் தப்பாக எழுதிவிட்டால்கூட மற்றவர்களைப் போலக் கிறுக்கித் தள்ளமாட்டாள். ஸ்கேலை வைத்து ஒரே ஒரு மெல்லிய கோடு, பக்கத்தில் காரணம், அதற்குக் கீழே கையெழுத்து. தப்பை அடிப்பதானால் இப்படி அடிக்க வேண்டும் என்று, புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளுடைய நோட்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

வீட்டில் அவள் பாப்பா. நாற்பத்தொரு வயதுப் பாப்பா. அப்பா அம்மா போன பிறகு அக்காவும் மாமாவும்தான் அவளுக்கு வீடு. கல்யாணம் கூடிவரவில்லை, அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பாப்பாவுக்கு மாப்பிள்ளை எங்க அமையும்? ஸ்கேல் வச்சு அளந்து, அரை சென்டிமீட்டர் குறையுதுன்னு திருப்பி அனுப்பிடுவா" என்று மாமா கிண்டல் செய்வார். மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். பாப்பா வேலை செய்யும் அதே ரசாயன ஆலையில், மூன்றாம் நம்பர் ரியாக்டரில் ஆபரேட்டர். எதையும் வாய்விட்டு எண்ணுகிற மனிதர். படி ஏறினால் எண்ணுவார், டீயில் சர்க்கரை போட்டால் "ஒண்ணு... ரெண்டு" என்று எண்ணுவார். "மனசுக்குள்ள எண்ணுங்களேன், ஊருக்கே கேக்குது" என்று அக்கா சலித்துக்கொள்வாள்.

அந்த மாமா போய் ஐந்து மாதம் ஆகிறது. எண்ணத் தெரியாமல் செத்தார் என்று ஊரே சொல்கிறது.

நடந்தது இதுதான். ரியாக்டர் என்பது ஓர் ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு உயரம் நிற்கும் இரும்புக் கலன். அதற்குள் ஒரு திரவம் இருக்கும். ஆட்கள் அதை வெள்ளை என்பார்கள். மேலே ஒரு சின்ன அளவுத் தொட்டி. அதில் இன்னொரு திரவத்தை, மஞ்சளை, நிரப்பி, வால்வைத் திறந்து கலனுக்குள் விட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் சூடு கிளம்பும். கலனைச் சுற்றி ஓடும் குளிர்ந்த தண்ணீர் அந்தச் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஒரு தடவைக்கு ஒரு தொட்டி மஞ்சள், அதுதான் வழக்கம். ஆனால் சுவரில் ஒட்டியிருக்கும் செய்முறைத் தாளின் ஆறாவது வரி வேறொன்றும் சொல்லும்: வேலை தாமதமானால் இரண்டு தொட்டி விடலாம், வேகம் இரண்டு மடங்காகும், தண்ணீர் மூன்று மடங்கு சூடு வரை தாங்கும். பதினோரு வருடமாக அந்த வரி சுவரில் இருந்தது, யாரும் அதைத் தொட்டதில்லை. அன்று காலை கரண்ட் போய் நான்கு மணி நேர வேலை நின்றுபோனது. மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினார். மாமா ஆறாவது வரிப்படி செய்யப் போனார்.

கலன் பொங்கி, மூடி பிய்த்துக்கொண்டு போனது. மாமா இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தார். கீழே நின்ற ஃபிட்டருக்கும் இன்னொரு தொழிலாளிக்கும் உடம்பு வெந்துபோனது. அளவுத் தொட்டி நொறுங்கிவிட்டது, மஞ்சள் இருந்த பெரிய டேங்கும் விரிசல் விட்டு எல்லாம் கொட்டிவிட்டது, ஆக எவ்வளவு ஊற்றினார் என்று அளந்து பார்க்க வழியில்லை. மிஞ்சியது ஒன்றே ஒன்று, சூட்டைத் தானாக வரைந்துகொண்டே போகும் சார்ட் தாள். விசாரணைக் குழு அந்தத் தாளை வைத்துக் கணக்குப் போட்டது. முதல் மூன்று நிமிடத்தில் வினை நடந்த வேகம் வழக்கத்தைப் போல நான்கு மடங்கு. இரண்டு தொட்டிக்கு இரண்டு மடங்குதான் வரும் என்று ஆய்வகம் சொல்லியிருக்கிறது. நான்கு மடங்கு வந்திருக்கிறதென்றால் ஆபரேட்டர் நான்கு தொட்டி விட்டிருக்கிறார். கவனக்குறைவு. கேஸ் முடிந்தது.

அன்றிலிருந்து அக்காவுக்கு 'நாலு தொட்டிக்காரர் பொண்டாட்டி' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை, அவள் திரும்பியதும் சொன்னார்கள். ஃபிட்டர் தெருவில் எதிரே வந்தால் வெந்த கையை மார்போடு சேர்த்துக்கொண்டு மறுபக்கம் போய்விடுவார்.

ஸ்கேல் அக்கா என்ன நினைத்தாள்? அதைச் சொல்லத்தான் வாய் கூசுகிறது. அவளும் நான்கு தொட்டி என்றுதான் நினைத்தாள். 'ஆய்வகம் சொல்லியிருக்கிறது' என்று அறிக்கையில் இருந்ததே, அந்த ஆய்வகம் யார்? இவள்தான். வெள்ளையும் மஞ்சளும் எந்த வேகத்தில் சேரும் என்று பதினோரு வருடத்துக்கு முன் சோதனை செய்து எழுதிக்கொடுத்தது இவள் கை. கணக்கு நான்கு என்றால் நான்குதான். மாமா பாவம், அன்றைக்கு என்ன நினைப்பில் இருந்தாரோ என்று மனதுக்குள் அவரை மன்னித்துக்கூட விட்டிருந்தாள். ஐந்து மாதமாக அக்கா அழும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவர் தப்பு செய்யவில்லை என்று மட்டும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அக்கா தையல்காரி. ஒரு நாள் மத்தியானம், சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டே, மெஷினை நிறுத்தாமல் கேட்டாள்.

"பாப்பா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. ரெண்டு தொட்டி விட்டா ரெண்டு மடங்குதான் வரும்னு எழுதியிருக்காங்களே, அது எப்படித் தெரியும்?"

"சோதனை பண்ணிப் பாத்துதான்க்கா. அதுக்குப் பேரு வினை வகை. ஒரு பொருளை ரெண்டு மடங்காக்கினா வேகமும் ரெண்டு மடங்கானா, அது முதல் வகை. நாலு மடங்கானா ரெண்டாம் வகை. மஞ்சள் முதல் வகை."

"யாரு பாத்தது?"

"நான்தான்."

அக்கா மெஷினை நிறுத்தினாள். "அப்போ திரும்ப ஒரு தடவை பாரேன்."

"எதுக்குக்கா? அது முடிஞ்சுபோன..."

"நான் தைச்ச சட்டையில கை சின்னதா இருக்குன்னு ஒருத்தர் வந்து நின்னா, உங்க கை நீளமா இருக்குன்னு அவரைத் திட்டுவேனா? டேப்பை எடுத்துத் திரும்ப அளந்து பாப்பேன்ல? சர்க்கரையைக்கூட எண்ணிப் போடற மனுஷன்டி அவரு. ரெண்டுக்கும் நாலுக்கும் வித்தியாசம் தெரியாம விட்டிருப்பாரா?"

தலைகீழாக நின்றாலும் விடை மாறப்போவதில்லை என்றுதான் ஸ்கேல் அக்கா நினைத்தாள். ஆனாலும் சரி என்றாள். செய்துகாட்டிவிட்டால் அக்காவின் மனது ஆறும், அத்தோடு இந்தப் பேச்சு ஓயும் என்பது அவள் கணக்கு.

ஆய்வகத் தலைவரைப் பெரிய சார் என்பார்கள். ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம். "செத்தவங்க வீட்டு ஆறுதலுக்கெல்லாம் சோதனை பண்ற இடமா இது?" என்று முகத்தைச் சுளித்தாலும், "சரி, புதன்கிழமை ஒரு நாள். அதுக்கு மேல கேக்காதே" என்று சாவியைக் கொடுத்தார்.

புதன்கிழமை காலை வாட்டர் பாத்தை, சூடு மாறாமல் வைத்திருக்கும் அந்தத் தண்ணீர்ப் பாத்திரத்தை, முப்பது டிகிரியில் நிறுத்தினாள். வெள்ளையையும் மஞ்சளையும் தனித்தனிக் குடுவையில் ஊற்றி, தண்ணீரில் அமிழ்த்தி, சூடு சமமாகும்வரை காத்திருந்தாள். இரண்டையும் ஒன்றாக்கிய நொடியில் ஸ்டாப்வாட்சை அழுத்தினாள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை பிப்பெட்டால் கொஞ்சம் எடுத்து, ஐஸில் விட்டு வினையை நிறுத்தி, பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, வெள்ளை இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பியூரெட்டில் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு மிச்சம். அவ்வளவுதான் வேலை. பொறுமை இருந்தால் யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

முதலில் வழக்கமான அளவு. 24.0, 23.4, 22.8. நிமிடத்துக்கு 0.3 குறைகிறது. பதினோரு வருடத்துக்கு முன் வந்த அதே எண். கை இன்னும் சுத்தமாகத்தான் இருக்கிறது என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்து மஞ்சளை மட்டும் இரண்டு மடங்காக்கினாள். நிமிடத்துக்கு 0.6 வர வேண்டும். இரண்டாம் நிமிடத்தில் 22.8 வரும் என்று காத்திருந்தாள்.

21.7 வந்தது.

பிப்பெட்டில் குமிழி ஏறியிருக்கும் என்று நினைத்தாள். நான்காம் நிமிடம் 19.6. அவள் தெர்மாமீட்டரைப் பார்த்தாள். முப்பது. கையை விட்டுப் பார்த்தாள். தண்ணீர் எப்போதும் போல வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ஆறாம் நிமிடத்தில் 17.7 என்று எழுதினாள்.

எல்லாவற்றையும் கொட்டி, கழுவி, உலர்த்தி, முதலிலிருந்து ஆரம்பித்தாள். மத்தியானம் சாப்பிடவில்லை. மஞ்சளைப் புது பாட்டிலிலிருந்து எடுத்தாள், வேறு தெர்மாமீட்டர் வைத்தாள். மறுபடியும் 21.7. பக்கத்து மேஜைப் பெண்ணைக் கூப்பிட்டு, எதற்கென்று சொல்லாமல் அவள் கையால் செய்யச் சொன்னாள். அவளுக்கு 21.6. மூன்று மடங்கு மஞ்சள் போட்டபோது வேகம் ஒன்பது மடங்கு ஆனது. நான்கு மணிக்குக் கட்டத் தாளில் புள்ளி வைத்து ஸ்கேலைப் பக்கத்தில் வைத்தாள். மஞ்சளின் அளவுக்கு எதிராக வேகத்தை வைத்தால் புள்ளிகள் வளைந்துகொண்டு மேலே போயின. மஞ்சளின் அளவை அதே அளவால், இரண்டை இரண்டால், மூன்றை மூன்றால், பெருக்கி வைத்தபோது ஸ்கேலின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன, ஒன்றுகூட விலகவில்லை.

மஞ்சள் இரண்டாம் வகை. இரண்டு தொட்டி விட்டால் நான்கு மடங்கு. மாமா இரண்டுதான் விட்டிருக்கிறார்.

ஐயோ, மாமா என்று அவள் வாய்விட்டே சொன்னாள். பக்கத்து மேஜைப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

பழைய நோட்டுகள் இருக்கும் அறைக்குப் போனாள். பதினோரு வருடத்துக்கு முந்தைய நோட்டு, முதுகில் அவள் கையெழுத்து. முதல் மூன்று சோதனை வெள்ளையின் அளவை மாற்றிச் செய்தவை. வெள்ளை முதல் வகை, அதில் ஒரு குறையும் இல்லை. நாலாவது சோதனையில் மஞ்சளை இரண்டு மடங்காக்கியிருந்தாள். அந்தப் பக்கத்தின் குறுக்கே ஸ்கேல் வைத்து இழுத்த ஒரே கோடு. பக்கத்தில், 'வாட்டர் பாத்தில் சூடு ஏறிவிட்டதால் தள்ளப்பட்டது'. கீழே கையெழுத்து, அதற்குக் கீழே பெரிய சாரின் கையெழுத்து. ஐந்தாவது சோதனை என்று ஒன்று இல்லவே இல்லை. அடுத்த பக்கத்தில் முடிவு எழுதியிருந்தது: இரண்டும் முதல் வகை.

கோடு மெல்லியது, அடியில் இருந்த எண்கள் பளிச்சென்று தெரிந்தன. 24.0, 21.7, 19.6. சரியான விடை பதினோரு வருடமாக அந்தக் கோட்டுக்கு அடியில்தான் கிடந்திருக்கிறது. அதற்குப் பக்கத்துப் பத்தியில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அவளே எழுதிவைத்த சூடு: 30.0, 30.0, 30.0. சூடு ஏறவில்லை என்று ஒரு கை எழுதியிருக்கிறது, ஏறியது என்று அதே கை எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போட்டவரும் படிக்கவில்லை, அழகைப் பார்த்து வியந்த அத்தனை பேரும் படிக்கவில்லை.

அன்று என்ன ஆயிற்று என்று அவள் தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். உடம்பு சரியில்லையா? யாராவது விரட்டினார்களா? ஒன்றுமில்லை. புத்தகத்தில் இந்த மாதிரி வினைகள் எல்லாமே இரண்டு பக்கமும் முதல் வகை என்று போட்டிருந்தது. வந்த எண் அதற்கு ஒத்துவரவில்லை. ஒத்துவராத எண்ணுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, கைக்கு வந்த காரணத்தை எழுதிவிட்டாள். ஆய்வகத்தில் இது ஒரு பெரிய விஷயமே இல்லை, எல்லோரும் செய்வதுதான். அவள் கொஞ்சம் அழகாகச் செய்தாள், அவ்வளவுதான்.

பெரிய சார் நோட்டை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஆறாவது வரியை இன்னைக்கே எடுத்துடலாம்" என்றார். "மறுபடி ஆராய்ந்ததில் தெரியவந்ததுன்னு ஒரு வரி போட்டா போதும். இனிமே யாருக்கும் ஆபத்தில்ல. அதுதானே முக்கியம்?"

"அப்போ மாமா விஷயம், சார்?"

"அவர் திரும்பி வரப்போறாராம்மா? அந்தக் கேஸைத் திறந்தா முதல்ல நிக்கப்போறது யாருன்னு யோசிச்சியா? உன் அக்கா முன்னாடி எந்த முகத்தை வச்சுக்கிட்டு நிப்பே?"

அவர் கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான். அவர் சொன்னதில் கடைசி வார்த்தைதான் அவள் நெஞ்சில் தைத்தது. வேலை போகட்டும், பேர் போகட்டும். அக்காவைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்?

ஆனாலும் அன்று மாலைக்குள் விசாரணைக் குழுவுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினாள். புது எண்கள், பழைய எண்கள், கோடு போட்ட பக்கத்தின் நகல். 'சூடு ஏறவில்லை, நான் பொய்யான காரணம் எழுதினேன்' என்று எழுதும்போது, 'தவறான' என்று போடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு பொய் என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பெரிய சார் தடுக்கவில்லை. அவளுடைய முகத்தைப் பார்க்காமல், பதிவேட்டில் எண் போட்டு அனுப்பிவைத்தார்.

வீட்டுக்குப் போனபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அக்கா தரையில் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டுதான்க்கா" என்றாள் ஸ்கேல் அக்கா, செருப்பைக்கூடக் கழற்றாமல். "மாமா ரெண்டு தொட்டிதான் விட்டிருக்காரு. மஞ்சள் ரெண்டாம் வகை. ரெண்டு விட்டாலே நாலு மடங்கு சூடு வரும். தாள்ல போட்டிருந்தது தப்பு. அவர் மேல தப்பே இல்ல."

அக்காவின் கையிலிருந்து கத்தரிக்கோல் விழுந்தது. எழுந்தவள், துணியை மிதித்துக்கொண்டு வந்து, தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஐந்து மாதமாக அழுத அழுகை இல்லை இது. "எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "என் பாப்பா கண்டுபிடிச்சுட்டா பாத்தீங்களா, உங்க பாப்பா கண்டுபிடிச்சுட்டா" என்று சுவரில் இருந்த மாமாவின் படத்தைப் பார்த்துச் சொன்னாள்.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டிருக்கலாம். மனிதப் பிறவிக்கு ஆசை இல்லாமல் போகுமா? அக்காவின் கை முதுகில் இருந்தது, அவள் கண்ணீர் தோளில் சுட்டது. கடிதம் எப்படியோ போகட்டும், குழுவுக்கும் ஆலைக்கும் மட்டும் தெரிந்துவிட்டுப் போகட்டும், அக்காவுக்குத் தாள் தப்பு என்று தெரிந்தால் போதாதா? அந்த ஒரு நிமிடம் அவள் அப்படித்தான் நினைத்தாள். அந்த ஒரு நிமிடத்தைப் போல இன்னும் ஒரு நிமிடம் கிடைக்காதா என்று நின்றாள்.

"அக்கா, இன்னும் இருக்கு."

சொன்னாள். நாலாவது சோதனை, ஸ்கேல், கோடு, ஏறாத சூடு, எல்லாவற்றையும் சொன்னாள். எந்தச் சொல்லையும் மாற்றிப் போடவில்லை. சொல்லச் சொல்ல அக்காவின் கை முதுகிலிருந்து இறங்கியது.

அக்கா கீழே கிடந்த கத்தரிக்கோலை எடுத்து மேஜையில் வைத்தாள். மிதிபட்ட துணியை உதறி மடித்தாள்.

"அன்னைக்கு அது என்னன்னு திரும்ப ஒரு தடவை பாத்திருந்தா?"

"ஒரு மணி நேர வேலைக்கா."

"ஒரு மணி நேரம்" என்றாள் அக்கா. பிறகு, "அது பதினோரு வருஷத்துக்கு முன்னாடி. சரி. இந்த அஞ்சு மாசம்? என் பக்கத்துல உக்காந்து என் முதுகைத் தடவினியே, அப்போ உன் மனசுல அவரு எத்தனை தொட்டி விட்டாரு?"

ஸ்கேல் அக்காவுக்குப் பொய் சொல்லத் தெம்பு இல்லை.

"நாலு."

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். கத்தவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, தலையைச் சீவி முடித்துக்கொண்டு, செருப்பை மாட்டினாள்.

"கிளம்பு. என்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? வெந்துபோன வீடு ரெண்டு இருக்கு. ரெண்டு வீட்டுலயும் வந்து சொல்லு."

தெருவில் அக்கா முன்னால் நடந்தாள். எப்போதும் தங்கைக்காக நின்று நடப்பவள், அன்று திரும்பியே பார்க்கவில்லை. கடை வாசலில் நின்ற இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். அக்கா அவர்களை நேராகப் பார்த்துக்கொண்டே போனாள். ஐந்து மாதத்தில் அவள் தலை நிமிர்ந்து அந்தத் தெருவில் நடந்தது அதுதான் முதல் தடவை. அதைப் பார்த்தபோது ஸ்கேல் அக்காவுக்கு அழுகை முட்டியது, ஆனால் அழுகிற உரிமை தனக்கு இல்லை என்று அடக்கிக்கொண்டாள்.

ஃபிட்டர்தான் கதவைத் திறந்தார். யாரென்று பார்த்ததும் முகம் இறுகிப்போனது. வெந்த கையின் தோல் சுருங்கிப் பளபளத்தது, விரல்கள் பாதிதான் மடங்கின.

"என் வீட்டுக்காரர் ரெண்டுதான் விட்டாரு" என்றாள் அக்கா. "எப்படின்னு இவ சொல்லுவா."

இவ என்றாள். பாப்பா என்று சொல்லவில்லை.

உள்ளே ஒரு நாற்காலிதான் இருந்தது. அதில் அக்கா உட்கார்ந்தாள். ஸ்கேல் அக்கா வாசற்படியில் நின்றபடியே, நாலாவது சோதனையிலிருந்து ஆரம்பித்தாள். ஃபிட்டருக்கு வினை வகை தெரியாது, ஆனால் ஒரு தாளில் ஒரு எண் வந்ததும், அது பிடிக்காமல் அதை அடித்ததும், அதற்கு ஒரு பொய்க் காரணம் எழுதியதும் யாருக்கும் புரிகிற விஷயம்தான். அவர் ஒரு கேள்விகூடக் கேட்காமல் கேட்டார். முடிந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"எனக்கு ரெண்டுன்னுதான் கேட்டுச்சு" என்றார்.

அக்கா நிமிர்ந்தாள். "என்ன?"

"நான் கீழே நின்னேன்ல. அவரு மேல எண்ணறது எப்பவும் கீழ வரைக்கும் கேக்கும். ரெண்டுன்னுதான் கேட்டுச்சு. ஆஸ்பத்திரியில வந்து கேட்டாங்க, சொன்னேன். அந்தச் சத்தத்துல உனக்கு எங்க கேட்டிருக்கும், கணக்குல நாலுன்னு வந்திருக்குன்னாங்க." அவர் ஸ்கேல் அக்காவைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. "படிச்சவங்க போட்ட கணக்கும்மா. நான் என் காதை நம்பல, அதைத்தான் நம்பினேன்."

உள்ளே யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள்.

"எப்படி எண்ணினாரு?" என்றாள். "அன்னைக்கு, கடைசியா. எப்படி எண்ணினாரோ அப்படியே சொல்லுங்க."

ஃபிட்டர் வெந்த கையைத் தூக்கி, இல்லாத வால்வு ஒன்றைப் பிடிப்பது போல வைத்துக்கொண்டார். மேலே பார்த்தார்.

"ஒண்ணு" என்றார், இழுத்து, மாமாவின் குரலில்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரெண்டு."

வாசற்படியில் நின்றவள் அடுத்த எண்ணுக்காகத் தன்னையறியாமல் காத்திருந்தாள். ஃபிட்டர் கையைக் கீழே இறக்கினார், அத்தோடு எண்ணிக்கை முடிந்துவிட்டது.